ஸ்டிக்கர் ஒட்டிய பாடம்

அம்மா எடுத்த முதல் பாட வீடியோவில் அம்மா தெரிய மாட்டாள். கரும்பலகை தெரியாது. அதில் அவள் எழுதிய எழுத்து தெரியாது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவையும் தெரியாது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே இருட்டு. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும். இப்போது நான் தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வீடியோ எடுப்பதையும் எடிட் செய்வதையும்தான் படிக்கிறேன். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், கேமராவை எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித்தரும்போதெல்லாம் அந்த வீடியோ நினைவுக்கு வந்து சிரிப்பு முட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ன என்று கேட்பாள். சொல்ல ஆரம்பித்தால் பீரியட் முடிந்துவிடும் என்பதால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஊரடங்கு பாதி தளர்ந்திருந்த நேரம். கம்பெனிகளைத் திறந்துவிட்டார்கள், பள்ளிக்கூடங்களைத் திறக்கவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் அம்மாவும் மாமாவும் நானும் இருந்தோம். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு மாநில எல்லையில் வரிசையில் நின்றுகொண்டு, சாப்பிட்டாச்சா என்று ஃபோனில் கேட்பதோடு சரி.

அம்மா பக்கத்திலிருந்த ஒரு சின்ன தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஏ செக்‌ஷன் டீச்சர். நானும் அதே பள்ளிதான். டீச்சர் பிள்ளை என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது. அந்தப் பள்ளியின் வேப்பமரம், துருப்பிடித்த சறுக்கு மரம், மழை வந்தால் மட்டும் ஒழுகும் எங்கள் வகுப்பின் மூலை எல்லாமே என் சொந்தச் சொத்து என்ற நினைப்பில்தான் இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. அவருடைய கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் முதலில் வேலை பார்த்தது ஒரு கல்யாண வீடியோக் கடையில். பெரிய கேமராவைத் தோளில் வைத்திருப்பவர் முதலாளி. அவருக்குப் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டு, கண்ணைக் கூச வைக்கும் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மாமா. மணப்பெண்ணின் முகம் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வெளியே வரும், மாப்பிள்ளை மேகத்தில் மிதப்பார். கல்யாணம் முடிந்து பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும், கேசட் வந்திருக்காது. அப்புறம் கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, கடைசியில் பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஆளெல்லாம் கையில் ஃபோனை எடுத்துக்கொண்டு வீடியோக்காரர் ஆகிவிட்டார்கள். முதலாளி கடையில் ஜெராக்ஸ் மிஷினைப் போட்டார். மாமா கம்பெனிக்குப் போனார். எந்த லைன் தெரியுமா? ஃபோனுக்குள் கேமராவைப் பொருத்துகிற லைன். தன் பிழைப்பில் மண்ணைப் போட்டதையே தன் கையால் செய்து அனுப்புகிற வேலை கிடைத்ததை நினைத்து அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இப்பவும் நான் கேமரா டிபார்ட்மென்ட்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் மாமாவுடையது. அம்மாவிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதனால் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பும் மாமாவின் ஃபோனில்தான் இருந்தது. மாமா நைட் ஷிஃப்டுக்குப் போனால் அம்மாவின் வகுப்பும் கூடவே கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விடும். அந்தக் குரூப்பில் இருந்த முக்கால்வாசி வீடுகளிலும் இதே நிலைமைதான். அப்பாவோ அம்மாவோ ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகுதான் பிள்ளைக்குப் பாடம்.

ஒரு நாள் கரஸ்பாண்டென்ட் சார் டீச்சர்களைக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஏ, பி இரண்டு செக்‌ஷனையும் ஒன்றாக்கப் போகிறோம், இனி எல்லாம் வீடியோ பாடம்தான். இரண்டு டீச்சரும் ஆளுக்கு ஒரு வீடியோ எடுத்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்குள் அவரவர் குரூப்பில் போட வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அந்த டீச்சரை வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். அம்மா இதை வீட்டுக்கு வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் புளி போட மறந்திருந்தாள். அம்மாவின் வேலை ஒரு வீடியோவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் புரிந்துபோயிற்று.

பி செக்‌ஷன் டீச்சரின் வீடியோ புதன்கிழமையே வந்துவிட்டது. யாரோ அதை மாமாவுக்கு அனுப்பியிருந்தார்கள். மூவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பின்னால் நீல வானம், அதில் ஒரு பட்டம் பறக்கிறது, எழுத்துக்கள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து வரிசையில் நிற்கின்றன, டீச்சர் ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டுகிறார். பாட்டு வேறு. அந்த டீச்சரின் தம்பி ஒரு எடிட்டிங் ஸ்டூடியோவில் இருந்தாராம். இன்றைக்குப் பார்த்தாலும் அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

"டேய், இதுக்கு முன்னாடி நான் எங்கடா நிக்கறது?" என்றாள் அம்மா.

மாமா அசரவில்லை. "க்கா, அது டிசைனு. நம்மளுது ரியலு. நீ இன்னாத்துக்கு பயப்படற? நான் எத்தினி கல்யாணத்துக்கு லைட்டு புடிச்சிகீறேன்!"

அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு நைட் ஷிஃப்ட். வியாழக்கிழமை எடுக்கலாமென்றால் மழை. மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை காலை மட்டும்தான். கம்பெனி பஸ் எட்டரைக்கு மாமாவை இறக்கிவிடும். பன்னிரண்டுக்குள் எடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா நெடுநேரம் ஜெபம் பண்ணினாள். பிறகு பவுடர் போட்டு, மாம்பழ நிறப் புடவையைக் கட்டி, அதற்குப் பொருத்தமாக என்னிடமிருந்த பொட்டு அட்டையில் தேடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து கம்பெனியில் ஓவர்டைம் கொடுத்துவிட்டார்கள். மாமா வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. கண் இரண்டும் சிவந்து, நடக்கும்போதே தூங்கிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும், எழுப்பி இறக்கிவிட்டார்கள் என்றார். இது முக்கியமான விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மொட்டை மாடியில்தான் ஷூட்டிங். மாடி முழுக்கக் குடித்தனக்காரர்களின் யூனிஃபார்ம்கள் காய்ந்துகொண்டிருக்கும். சாம்பல் நிறம் ஒரு கம்பெனி, நீலம் ஒரு கம்பெனி, கத்தரிப்பூ நிறம் இன்னொன்று. அவற்றையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, சின்டெக்ஸ் தொட்டிக்கு முன்னால் பெட்ஷீட் ஒன்றைக் கட்டினோம். கேரம் போர்டின் பின்பக்கத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கரும்பலகை ஆக்கியிருந்தோம். வெயில் நட்டநடு உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. மாமா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டார். டைரக்டர் போல இருக்கிறது என்று நான் சொன்னதும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"வெயில்ல டிஸ்ப்ளேவே தெரியலக்கா. பரவால்ல, எனக்கு கை கணக்கு. ஸ்டார்ட்!"

அம்மா முதலில் தடுமாறினாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிறவள், அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டுக்கு முன்னால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் திருகினாள். பிறகு என்ன தோன்றியதோ, கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வகுப்புக்குள் போய்விட்டாள்.

"எல்லாரும் சிலேட்ட எடுத்தாச்சா? இப்ப மிஸ் சொல்ற வழியிலதான் பல்பம் நடக்கணும். மேலேர்ந்து நேரா கீழ இறங்கு. தரை வந்துச்சா? பல்பத்த எடுக்காத. அப்படியே சோத்துக்கை பக்கம் நட. நின்னுக்கோ. இதான் ட. இப்ப பக்கத்துல இன்னொண்ணு. இறங்கு, நட, மறுபடியும் மேல ஏறு. இதான் ப."

அம்மாவின் பழக்கம் அது. கையால் எழுதுவதை வாயாலும் எழுதுவாள். ம வரும்போது, மேலே ஏறியவன் உள்பக்கமாகத் திரும்பி வளைந்து இறங்கித் தரையைத் தொட வேண்டும் என்று பெரிய சாகசம் போலச் சொல்வாள். மூன்று எழுத்தும் வந்தபின் இடம் மாற்றி அடுக்கி, ப, ட, மேலே புள்ளி வைத்த ம் என்று எழுதி, "படிங்க பாக்கலாம்" என்றாள். படம் என்று நான்தான் சத்தமாகப் படித்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாடம் முடிந்தது. தொண்டை காய்ந்துவிட்டது, தண்ணி கொண்டா என்று என்னைக் கீழே அனுப்பினாள்.

நான் சொம்போடு மேலே வந்தபோது இருவரும் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தொங்கவிட்டிருந்த கையில் ஃபோன் இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அட, ஓடிகினே கீது. கடைசில கொஞ்சம் சும்மா ஓடிட்ச்சி" என்றார். வெட்டிவிடு என்றாள் அம்மா. பன்னிரண்டு ஆகப்போகிறது, சார்ஜும் சிவப்பில் இருக்கிறது, பாடம் முடிந்த பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி மாமா அப்படியே குரூப்பில் போட்டுவிட்டார். நெட்வொர்க் வட்டம் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக வீடியோ போய்ச் சேரவும், ஃபோன் அணையவும் சரியாக இருந்தது. மாமா அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பாயில் விழுந்தார்.

மூன்று மணிக்கு அம்மாவின் பட்டன் ஃபோன் அடித்தது. கரஸ்பாண்டென்ட் சார். அவர் சத்தம் எனக்கே கேட்டது.

"என்ன டீச்சர் இது? வெறும் இருட்டை அனுப்பி வெச்சிருக்கீங்க? விளையாடுறீங்களா? நாளைக்குக் காலையில ஸ்கூலுக்கு வாங்க, பேசி முடிச்சிக்கலாம்."

மாமாவின் ஃபோனை ஆன் செய்து வீடியோவைப் போட்டோம். இருட்டு. இறங்கு, நட, மேல ஏறு என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எங்கே இறங்குவது என்றுதான் தெரியவில்லை. படம் என்று என் குரல் கத்தியதும் அம்மா அதை நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. நான் மாமாவை உலுக்கி எழுப்பினேன். அவர் தூக்கக் கலக்கத்தில் ஃபோனை வாங்கி, முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பினார். திருப்பியவர் அப்படியே உறைந்துபோனார்.

கேமராவின் மேல் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

கம்பெனிக்குள் யாரும் படம் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வாசலிலேயே செக்யூரிட்டி எல்லோருடைய ஃபோன் கேமராவிலும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வெளியே வரும்போது அது பிய்யாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை அதைப் பிய்த்து முன் சீட்டின் முதுகில் ஒட்டுவதுதான். கம்பெனி பஸ் எதில் ஏறினாலும் சீட்டுகளுக்கு அம்மை போட்டது போல இருக்கும். அன்றைக்கு மாமா பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டார். வீடியோக் கடையில் அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே, எடுக்கும் முன் லென்ஸ் மூடியைக் கழற்று என்பதுதானாம். இதையும் அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மாம்பழ நிறப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அரிசி களைய உட்கார்ந்தாள். மறுபடியும் எடுக்கலாம் என்று மாமா கெஞ்சினார். பன்னிரண்டு மணி முடிந்துபோயிற்று, விடு என்றாள். எனக்கு மாமாவின் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கூலிங் கிளாஸை எடுத்து ஒளித்து வைத்தேன்.

குரூப்பைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஆனால் நான்தான் திறந்தேன். ஓர் அப்பா எழுதியிருந்தார்: மிஸ், ஸ்டிக்கர்! கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இன்னொருவர், எங்க வூட்லயும் போன வாரம் பொண்ணு பர்த்டே இதே மாதிரி எடுத்தோம் மிஸ், கேக்கு வெட்ற சத்தம் மட்டும் கீது என்று எழுதியிருந்தார். கரஸ்பாண்டென்ட் சாருக்குப் புரியாத இருட்டு அந்தக் குரூப்பில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பார்த்த உடனே புரிந்திருந்தது. எல்லோருடைய ஃபோனிலும் தினமும் ஒட்டப்படுகிற இருட்டுதானே அது. எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பிறகு குரூப்பில் திடீரென்று சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து போய்விட்டது போல. சலித்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து மணி வாக்கில் ஒரு ஃபோட்டோ வந்தது. சிலேட்டில் கோணல்மாணலாக ட, ப, ம. அடுத்து இன்னொன்று, தரையில் சாக்பீஸால் எழுதியது. இன்னொரு பிள்ளை முறத்தில் மாவைப் பரப்பி விரலால் எழுதியிருந்தது. பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே, அதனால் பிள்ளைகள் ஃபோனைத் தரையில் வைத்துவிட்டு, காதை மட்டும் கொடுத்து, மிஸ் சொன்ன வழியில் பல்பத்தை நடக்க விட்டிருந்தார்கள். அம்மா அரிசிக் கையோடு வந்து ஒவ்வொரு ஃபோட்டோவாகப் பார்த்தாள். "ம-வுக்கு வயித்தப் பாரு, தண்ணி குடிச்ச மாதிரி" என்றாள். அதற்குள் மாமாவின் பஸ் வந்துவிட்டது. ஃபோன் மறுபடியும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளக் கிளம்பிப் போயிற்று. அதற்குப் பிறகு என்ன வந்தது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.

மறுநாள் காலை மாமா படி ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தார். ஃபோன் முழுக்க வாய்ஸ் மெசேஜ். கேன்டீனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே சாப்பிட மறந்துவிட்டாராம். அம்மா பள்ளிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான்தான் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுக் காதில் வைத்துக் கேட்டேன். என் பையன் முதல் தடவையா தானா எழுதினான் மிஸ். சாருக்கு நாங்க ஃபோன் பண்ணிட்டோம் மிஸ். நீங்கதான் இருக்கணும்னு சொல்லிட்டோம் மிஸ். ஓர் அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து பேசியிருந்தார். பின்னால் ஹாரனும் இன்ஜின் சத்தமும். "மிஸ், நீங்க இன்னாத்துக்கும் கவலப்படாதீங்க. பாப்பா இங்கயே படிக்கும். நாங்கல்லாம் கீறோம்." அவர் தன் மகளை வேறு பள்ளிக்கு மாற்ற மாட்டேன் என்கிறார் என்று புரிந்துகொண்டு, அடுத்ததைப் போட்டேன்.

பள்ளிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கரஸ்பாண்டென்ட் சாரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுப்பார், சரிங்க சரிங்க என்பார், வைப்பார், மறுபடியும் அடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து பி செக்‌ஷன் டீச்சரையும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் என்னைக் கடந்து உள்ளே போகும்போது முகம் வெளிறியிருந்தது. அப்போதுதான் அவருக்கும் இதே பயம் இருந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

இருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஏ செக்‌ஷன் ஆட்கள் எல்லோரும் ஒரே பேச்சாக, அந்த மிஸ் இல்லையென்றால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். பி வகுப்பு வீடியோவில் படம் நன்றாக இருக்கிறது, ஏ வகுப்பு வீடியோவில் குரல் நன்றாக இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கள், செக்‌ஷன் அப்படியே இருக்கட்டும் என்று சார் முடித்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா பேசுவாள், பி செக்‌ஷன் டீச்சரின் பட்டங்களும் குதிக்கும் எழுத்துக்களும் அந்தக் குரலுக்குத் தகுந்தபடி நடக்கும், இறங்கும், ஏறும். மாமா லைட் பிடிப்பார். ஷூட்டிங் தொடங்கும் முன் ஃபோனைத் திருப்பிப் பின்பக்கத்தை எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் கையை விடவே இல்லை. நான் கேட்காமலே டீக்கடையில் எனக்குப் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தாள். "ஒரு ட-வுக்கும் ப-வுக்குமா இத்தினி பேர் ஃபோன் பண்ணாங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அம்மாவின் வேலை தப்பித்தது. வீட்டுக்கு வந்ததும் கூலிங் கிளாஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இவ்வளவுதான் கதை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில் கல்லூரியில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். பழைய வீடியோ ஒன்றின் ஒலியை மட்டும் தனியாகப் பிரித்து, இரைச்சலை நீக்கி, சுத்தமாக்கிக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேறு எது தோன்றும்? மாமாவின் பழைய ஃபோனை அலமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டு, அந்த இருட்டைக் கணினிக்கு மாற்றினேன். திரையில் அம்மாவின் குரல் மேடு பள்ளமாக ஓடியது. படம் என்று நான் கத்திய இடத்தில் ஒரு பெரிய மேடு. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. சின்னச் சின்ன மேடுகள் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தன. மாமா சொன்ன "சும்மா ஓடிட்ச்சி" அதுதான். ஹைவே லாரிகளின் இரைச்சலைக் குறைத்துவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன்.

"டேய், இது சரியா வரலன்னா இன்னாடா பண்றது?"

"வரும்க்கா."

"என் வேல போனா போவுதுடா. எங்கனா பேக்கிங்ல போய் நின்னுப்பேன். பாப்பாவுக்கு இன்னா பண்ணுவேன்? நான் டீச்சரா கீறேன்னுதான் ஃபீஸ் இல்லாம உக்கார வெச்சிகீறாரு. நான் இல்லன்னா அதுக்கும் அங்க எடம் இல்லன்னு அன்னிக்கே சொல்லிட்டாரு. அதுக்கு அந்த ஸ்கூலுன்னா உசுரு."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லித் தொலைக்காத. தெரிஞ்சா சோறு எறங்காது அதுக்கு."

அப்புறம் படியேறும் சத்தம். பிறகு, "அம்மா, தண்ணி!" என்று ஒரு குரல். பதினொரு வயதுக் குரல். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல்! அதோடு வீடியோ நின்றுவிட்டது.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. படம் இருந்திருந்தால் பாடம் முடிந்ததும் எல்லோரும் ஃபோனை எடுத்து அணைத்திருப்பார்கள். படம் இல்லாததால் ஃபோன் தரையில் கிடந்தபடி பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிள்ளைகள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்க, பக்கத்தில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்த அப்பாக்களும் அம்மாக்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். குரூப் அன்றைக்கு ஏன் திடீரென்று அமைதியானது என்று இப்போது தெரிந்தது. ஒருவர்கூட அதைப் பற்றிக் குரூப்பில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சிலேட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார்கள், சாருக்கு ஃபோன் செய்தார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்தப் பஸ் வாய்ஸ் மெசேஜைத் தேடி எடுத்தேன். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இது யார் குரல் என்று தெரிகிறதா என்று கேட்டு அதை மட்டும் போட்டுக் காட்டினேன். ஹாரன், இன்ஜின் சத்தம், பாப்பா இங்கயே படிக்கும். அம்மா ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"இது அந்தச் சட்ட பட்டன மாத்தி மாத்திப் போட்டுகினு வருவானே, அவனோட அம்மாடி. நல்ல மனுஷி."

"அவங்களுக்குப் பொண்ணு எத்தனாவது படிச்சுது?"

"பொண்ணா? அவங்களுக்குப் பொண்ணே கெடையாதே. ஒரே பையன்தான்" என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த உருண்டையை எடுத்து மாவில் புரட்டினாள்.